செக்குபந்தி

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடிமேல் பூட்டனின் பத்திரம்,
ஒன்றரை ரூபாய் முத்திரைத்தாள்,
மைக்கூடு கவிழ்ந்த ஒரு மூலை.

வடக்கில் பாலாறு என்கிறது.
பள்ளிகொண்டா பாலத்தடியில் மணலும் கோரையும்;
நடு ஆற்றில்
யாரோ ஸ்டம்ப் நட்டு ஓவர் எண்ணுகிறார்கள்.

கிழக்கில் முனிரத்தினம் வகையறா கமலைக் கிணறு.
சுங்கச்சாவடிப் பக்கம்
முகவாயால் காட்டினார் சர்வேயர்.

தெற்கில் யானைப் பாறை.
அது மட்டும் சொன்ன இடத்திலேயே இருந்தது,
மூலம் பௌத்திரம் விளம்பரத்தோடு.

மேற்கில்,
'என் தமக்கை உண்ணாமுலைக்கு விட்ட
மூன்று சென்ட் நீங்கலாக.'

டைப்பிங் தப்பு என்றான் அண்ணன்.
கையால் எழுதிய பத்திரம் அது.

எங்கள் வீட்டுத் திவசம் எதிலும்
அந்தப் பெயருக்கு எள் இறைத்ததில்லை.
கல்யாணப் பத்திரிகையில், பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களில்,
சண்டையில்கூட வந்ததில்லை.
என்ன செய்தாள்?
யாரோடு போனாள், அல்லது
யார் விட்டுப் போனார்கள்?
பூட்டன் ஏன்
மூன்றோடு நிறுத்திக்கொண்டார்?

டேப் வேலிக்காத்தானில் சிக்கியது.
விலக்கப் போனவன் காலில் இடறியது
பாதி புதைந்த ஆட்டுக்கல்.
குழியில் நேற்றைய மழை,
அதில் நாலைந்து தலைப்பிரட்டைகள்.

அண்ணன் போனில் விலை பேசிக்கொண்டிருந்தான்.
அந்த மூணு சென்ட் போக என்றேன்.
யாருக்கு என்றான்.

சொன்னேன்.

சர்வேயர் பேனாவை உதறிவிட்டு
ரெண்டு சுழியா மூணு சுழியா என்று கேட்டார்.