தாக்கம் ஏற்பவை

ஒன்பது அத்தியாயம், ஒன்பது பேர் எழுதியது.
காற்றை எழுதியவர் கடலை வாசிக்கவில்லை.
கடலை எழுதியவர் லாரிகளை எண்ணவில்லை.
ஒன்றாகத் தைப்பது என் வேலை.
ஒருங்கிணைந்த தாக்க மதிப்பீடு என்று
அட்டையில் போட்டாகிவிட்டது.
உள்ளே இன்னும் ஒன்பது தீவு.

உம்முல் குவைன். கழிக்கு வடக்கே
வரப்போகும் குடிநீர் ஆலைக்கு
எல்லைக் கொடிகள் நட்டிருக்கிறார்கள்.
ஒரு கொடிக்கம்பில் யாரோ
ஈரச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்.

காலையில் ஷிஜுவோடு படகு.
சதுரச் சட்டத்தை நீருக்குள் இறக்கி
கடற்புல்லைத் தாள் தாளாக எண்ணினான்.
ஆலை திருப்பி விடும் உப்பு நீர் கனமானது,
மேலே கலக்காது, பாய் விரித்த மாதிரி
அடியிலேயே படுத்துக்கொள்ளும் என்றான்.
படகுக்காரர் ஒபைத் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,
"போன வருஷம் ஷேரி மீன் இங்கே,
இப்போது அங்கே" என்று கைகாட்டினார்.
அங்கே வெயில் மட்டும் இருந்தது.
அதை மீன்வளத்தில் வைத்தேன், சமூகத்திலும் வைத்தேன்.
இரண்டிலிருந்தும் வெட்டப்பட்டது:
ஆதாரம் போதாது.

தாக்கம் ஏற்பவை என்றொரு பட்டியல்.
பள்ளிவாசல், பள்ளிக்கூடம், வில்லாக்கள்,
கண்டல் காடு, நீர்க்காகம் அடைகாக்கும் திட்டு...
மொத்தம் பதின்மூன்று.
வேலியிலிருந்து நூற்றுப்பத்து மீட்டரில்
எண்ணூறு பேர் தூங்கும் முகாம்
அதில் இல்லை.
தேடினேன். இருந்தது,
இரைச்சல் அத்தியாயத்தில்,
'இரைச்சல் மூலங்கள்' என்ற தலைப்பின் கீழ்:
ஜெனரேட்டர் இரண்டு, பேருந்து பதினாறு.

இரவு இரண்டு மணிக்கு அதன் வாசலில்
முக்காலி நிறுத்தி அளந்துகொண்டிருந்தேன்.
தூக்கம் வராத ஒருவர் வெளியே வந்தார்.
வேம்பார்க்காரர், அந்தோணிப்பிச்சை.
"என்னம்மா அளக்கிறீங்க?"
"சத்தம்."
கருவியின் பச்சை எண்கள் ஏறி இறங்குவதைப்
பார்த்தபடி கேட்டார்:
"எங்க சத்தமா, எங்களுக்குச் சத்தமா?"

நெய்தலும் பாலையும் ஒட்டிக் கிடக்கும் ஊர் இது.
முதற்பொருள் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது,
கருப்பொருளுக்கு லத்தீன் பெயரே போட்டிருக்கிறோம்.
உரிப்பொருளுக்குத்தான்
எக்செல்லில் பத்தி இல்லை.

மறுநாள், செய்யாத ஒன்றைச் செய்தேன்.
ஒன்பது பேரின் தீர்வுகளையும்
ஒரே காலண்டரில் ஏற்றினேன்.
நீர்க்காகத்துக்காக
அக்டோபர் முதல் தூண் அடிக்கக் கூடாது. சரி.
ஏப்ரலில் மீன் முட்டையிடும், கூடாது. சரி.
பிள்ளைகளுக்காகப் பள்ளி விடுமுறையில் மட்டும்.
வில்லாக்களுக்காகப் பகலில் மட்டும்.
எல்லாம் சரி. எல்லாமே நல்ல மனதோடு எழுதியது.
மிஞ்சியது
ஜூலை, ஆகஸ்ட், பகல்.
தூண் அடிப்பவனுக்கு அந்த வெயில்.
இரவுப் பணி முடித்து வந்து படுத்தவனுக்கு
அந்தத் தூண்.

பதினான்காவது வரிசை சேர்த்தேன்.

கூட்டத்தில் சாலிஹ் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
கெட்ட மனிதர் அல்ல.
ஆமைக்காக ஒருமுறை குழாயின் பாதையையே மாற்றியவர்.
"ஆனால் இவர்கள் தற்காலிகம்,
இரண்டு வருஷத்தில் போய்விடுவார்கள்."
"நீர்க்காகம் நாலு மாதத்தில் போய்விடுகிறது, சார்."
ஷிஜு சிரித்துவிட்டான்.
சாலிஹ் சிரிக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
"வரிசை இருக்கட்டும்," என்றார் கடைசியில்,
"சிவப்பை மட்டும் மஞ்சளாக்குங்கள்."

ஆக்கினேன். ஒன்றரை நிமிட வேலை.

மாலையில் அமைச்சகத்துக்கு ஏழு பிரதி.
கலர் மை தீர்ந்திருந்தது.
கருப்பு வெள்ளையில்
சிவப்பும் மஞ்சளும் ஒரே சாம்பல்.
அட்டவணையில் எது ஆபத்து, எது பரவாயில்லை
என்று யாருக்கும் தெரியாது இனி,
வாய்விட்டுப் படித்தால் தவிர.

ஏழு பிரதியிலும் அந்தப் பக்கத்தின்
மூலையை மடித்து வைத்தேன்.