இடது பொத்தான்

ஷார்ஜாவிலிருந்து லாத்தாவின் மாப்பிள்ளை
கொண்டுவந்தபோதே கை மாறிய பெட்டி.
இரண்டு பென்டார்ச் பேட்டரி,
புளியங்கொட்டை அளவில் ஒரு ராட்சச லாரி.

திரைக்குள் வெளிச்சம் கிடையாது.
சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்தான்
நசுங்கப்போகிற கார்கள் தெரியும்.
வேடிக்கை பார்க்க எட்டுப் பேர்,
எட்டுப் பேருக்கும் ஒரே கை.

கீழக்கரை உப்புக்காற்று
முதல் மழைக்குள் இடது பொத்தானைத் தின்றது.
ரிலுவான் அன்றே எனக்குக் கொடுத்துவிட்டான்.
பெருந்தன்மை.

இடப்பக்கம் போக
வலப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றுவேன்.
மற்ற லாரிகள் போய்ப் புழுதி அடங்கிய பின்னும்
திரும்பிக்கொண்டிருப்பேன்.
ஒரே ஒருமுறை மூன்றாவதாக வந்தேன்
(அன்று இரண்டு லாரி தாமாகக் கவிழ்ந்தன).

செத்த பேட்டரியை மாடியில்
கருவாட்டுக்குப் பக்கத்தில் காயவைத்தோம்.
பூனை கருவாட்டை மட்டும் தூக்கிற்று.

நேற்று ராமநாதபுரத்தில்
லைசென்சுக்கு எட்டு போட்டேன்.
வலது வட்டம் சுத்தம்.
இடது வட்டத்தில், ஸ்கூட்டர் கைப்பிடியில்,
கட்டைவிரல் தானாக எதையோ அழுத்திப் பார்த்தது.
ஹார்ன்.
ஆய்வாளர் நிமிர்ந்தார்.
நான் காலை ஊன்றிவிட்டேன்.

அடுத்த மாதம் வரணுமாம்.
ரிலுவான் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து
வீடு வரைக்கும் எண்ணினேன்
எத்தனை இடது என்று.
பதினொன்று.