நிரை

போத்தல் நேற்று வந்தது. பிளாஸ்டரில்
பேனை மையால் பேர்: செ. அமராவதி.
வயது முப்பத்து நான்கு. நாலாம் நம்பர் மலை.
கழுத்து, வலப்பக்கம், ஆறு மாத வீக்கம்.
கூடைக் கயிறு இழுத்ததென்று
இவ்வளவு நாளும் இருந்தாளாம்;
வார்டு டாக்டர் அதையும் எழுதியிருக்கிறார்.
கீழே இரண்டு சொல், இரண்டு கேள்விக்குறி:
புற்றா? காசமா?

முழுக் கணுவையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள்.
பாதியை உப்புநீரில் அனுப்பியிருந்தால்
வளர்த்துப் பார்த்திருக்கலாம்.
ஃபார்மலினில் முங்கியது முளைக்காது.
சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

வெட்டினேன். நடுவில் வெளுத்து உதிர்ந்தது.
பாலாடைக்கட்டி என்கிறது புத்தகம்.
எனக்கு அது அவித்து ஆறிய மரவள்ளி.

கண்ணாடித் தகட்டில் பெரிய அணுக்கள்,
ஓரத்தில் கருக்கள் லாடமாய் வளைந்து.
நுவரெலியாவில், பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் இருந்தும்
நான் லாடம் பார்ப்பது இதில்தான்.
'காசத்துடன் ஒத்துப்போகிறது,
அப்படி எழுதலாம்' என்றார் டாக்டர் ஹேரத்.
ஒத்துப்போகிறது!
சாதகம் பார்த்த மாதிரி.

இன்னொரு சீவலுக்குச் சிவப்பு ஊற்றினேன்,
ஆவி எழும்வரை சூடு, கொதிக்க விடாமல்.
பிறகு அமிலம், பிறகு நீலம்.
அமிலம் கழுவியும் போகாத சிவப்பு
எங்காவது ஒன்று நிற்க வேண்டும்.

இடமிருந்து வலம். ஒரு கட்டம் கீழே.
வலமிருந்து இடம்.
அவள் மலையில் இதற்குப் பேர் நிரை.
அங்கே கொழுந்தை விட்டுப்போனால்
கங்காணி கத்துவார்.
இங்கே கத்த ஆளில்லை,
அதுதான் பயம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் கட்டத்தில்
ஒரு குச்சி. சற்றே வளைந்த
சிவப்புக் குச்சி.
டாக்டரைக் கூப்பிட்டேன்.
குனிந்தவரின் முழங்கை பட்டுத்
தகடு நகர்ந்தது.
'சொரி' என்றார்.
ஜன்னலில் பனி இறங்கி, மேசை விளக்கைப் போட்டு,
முதலிலிருந்து.

நாற்பது நிமிஷம் கழித்துக் கிடைத்தது.
அதேதானா, அதன் தங்கச்சியா, தெரியாது.
சந்தோஷப்பட்டேன்,
ஒருத்தியின் கழுத்தில் கிருமி இருந்ததற்கு.
வெட்கமாய் இருந்தது, என்றாலும்
சந்தோஷம்தான்.

ஆறு மாதம் மாத்திரை.
கிளினிக் போகும் நாளெல்லாம்
தோட்டத்துச் செக்ரோலில் பேர் விழாது.
படிவத்தைப் பார்த்து
அறிக்கையில் முழுசாய் அடித்தேன்:
செல்லையா அமராவதி.

அடுத்த போத்தலில்
பிளாஸ்டர் நனைந்து
மை கரைந்திருக்கிறது.