இறகில்லாத ஆட்காட்டி

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத்தான்
தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தாள் அயெலேன்:
உண்மை இறகு ஒன்றுகூடக் கூடாது.

ஜீவகாருண்யம் என்று நினைத்தோம்.
நெல்பா அதை மதித்து
கீரை அடைத்த ரொட்டி சுட்டு வந்தாள்.
அயெலேனோ எதிர்க்கடைக் கோழித்தொடையை
எங்கள் வெட்டுமேசை ஓரம் நின்றே தின்றாள்.
நான் துணிகளை இழுத்து மூடினேன்.

மொந்தேவீதியோவில் ஜூலை.
மூன்றாம் மாடி ஜன்னலை ஆற்றுக்காற்று
உலுக்கிக்கொண்டே இருக்கும் மாதம்.
பாலேயில் அவளுக்கு ஆட்காட்டி வேடம்.
அதன் கத்தலையே பெயராக்கி
தேரோ என்கிறோம் இங்கே.
வெறும் புல்லில் முட்டையிட்டுவிட்டு
ஆள் வந்தால்
முட்டை இல்லாத பக்கம் ஓடி
ஊரைக் கூட்டும் பறவை.

கீழிருந்து தொடங்க வேண்டும், ஓடு வேய்வதுபோல.
இடுப்பின் இருபுறமும் ஒரு சாண் வெறுமை.
அங்கேதான் துல்சியோவின் கைகள் வரும்
அவளைத் தூக்க.
ஒரு முடிச்சு துருத்தினால்
அவன் உள்ளங்கை கிழியும், இவள் நழுவுவாள்.
வியர்வை தாங்க வேண்டும்,
திங்கள்தோறும் சோப்புநீர் தாங்க வேண்டும்,
எல்லாம் சேர்த்து அறுநூறு கிராம்.

கொண்டைக்குக் கறுப்பு நூல் சுற்றிய
கிதார் தந்தி.
சிறகு முட்டின் சிவப்பு முள்ளுக்கு
பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பு, சூடுகாட்டி வளைத்தது.
மார்புக் கறுப்புக்குக்
கம்பி ஒடிந்த குடையின் துணி.
முதுகுக்கு மட்டும் தாராளம் காட்டினேன்:
சாம்பல்நிறப் பட்டு,
ஊடும் பாவும் சாய்ந்து வரும்படி
ஆயிரத்து நூறு துண்டுகள்.
ஒவ்வொன்றின் ஓரத்தையும்
மெழுகுவர்த்தித் தீயில் காட்டினால் போதும்,
தானே சுருண்டு இறகாகும்.

அளவு பார்க்க வந்தவள்
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
மூக்கின் மேல் கை.
'இறகு எரிகிறது' என்றாள்.

பட்டு, வெறும் பட்டு என்று
துண்டை நீட்டினேன்.
பின்வாங்கி, படியில் உட்கார்ந்து சொன்னாள்:
கனெலோனெஸ் பக்கம் கோழி உரிக்கும் ஆலை.
வெந்நீர்த் தொட்டியருகே அம்மாவுக்கு இரண்டு ஷிப்ட்.
ஈர இறகு வழுகி விழும் தகரக் குழாயடியில்
இவள் வீட்டுப்பாடம்.
மிஞ்சிய முளைகளைத் தீயில் வாட்டுவார்கள்.
அந்த நாற்றத்தோடுதான் நடன வகுப்புக்குப் போவாள்.
'பக்கத்துப் பிள்ளைகள் ஓரடி தள்ளி நின்றார்கள்.
அதனால் எனக்குத்தான்
கால் வீச நிறைய இடம்.'

நெல்பா ஒன்றும் பேசாமல்
ஜன்னலைத் திறந்தாள்.
காற்று உள்ளே வந்து நானூறு துண்டுகளை
மேசையிலிருந்து வாரிக்கொண்டது.
மூவரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம்,
அவள் கைக்குட்டையால் பிடித்துப் பொறுக்கினாள்.

அசல் பட்டா என்று பார்க்க
ஒரு நூலைக் கொளுத்தி முகர்வது எங்கள் வழக்கம்.
முடி கருகும் வாடை வந்தால் அசல்.
இருபத்தாறு வருடமாக முகர்ந்த மூக்கு இது.
இறகு என்று
ஒருமுறையும் என்னிடம் சொன்னதில்லை.

எட்டு இரவுகள் பிரித்தோம், வெட்டினோம்.
மலிவுத் திரைச்சீலைத் துணி, பாலியஸ்டர்.
சாயம் ஏற மறுத்தது, மூன்றுமுறை காய்ச்சினோம்.
தீ வேண்டாம் என்று
சால்டரிங் கம்பியால் ஓரம் உருக்கியதில்
எங்கள் இருவருக்கும் தலைவலி.
அயெலேன் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள்.
'பிளாஸ்டிக் வாளி' என்றாள்.
பிறகு கைகளைத் தூக்கிக் காட்டினாள்,
மாட்டிவிடச் சொல்லி.

முதல் காட்சி.
பக்கத் திரைக்குப் பின்னால் நான்,
காலரில் நூல் கோத்த ஊசியோடு.
கத்தலில்லாமல் வாய் திறந்து
ஒடிந்ததுபோல் ஒரு சிறகை இழுத்தபடி
வலப்பக்கம் ஓடினாள்.
அரங்கம் முழுக்க வலப்பக்கம் திரும்பியது.

நான் அவள் இடது இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
துல்சியோவின் கட்டைவிரல் பதியும் இடத்தில்
அவசரமாகப் போட்ட பதினோராவது தையலை.

தூக்கினான்.
அது பிடித்துக்கொண்டது.