பதினெட்டு மில்லி

திருவந்திபுரம் கால்நடை மருந்தகத்தில்
கிடேரியின் மடியைத் தடவி
இத்தனை வருஷம் என் விரல்கள் சொன்னவை:
இது கொழுப்பு, இது சுரப்பி.
தீனியைக் குறைங்க அண்ணே,
இளசிலேயே கொழுத்த மடியில்
பால்குழாய் படர இடமிருக்காது.

இப்போது அதே விரல்கள்
ராத்திரி இரண்டரைக்கு
என்னையே தடவிப் பார்க்கின்றன.

ஐந்து மாதம்.
பிள்ளை வேண்டாதவர்கள் விழுங்கும் மாத்திரையைப்
பிள்ளைக்காக விழுங்கினேன்.
ஈஸ்ட்ரோஜன் கிளை விட்டது.
புரோஜெஸ்ட்ரான் கிளை நுனியில் மொக்குக் கட்டியது.
பண்ருட்டிப் பலாவுக்கு அடிமரத்தில் ஏறுமே
அப்படியொரு கனம்.
ரவிக்கையில் இரண்டு ஊக்கு தெறித்தது.

பிறகு ஒரு புதன்கிழமை
இன்றோடு நிறுத்து என்றார் டாக்டர் ஜெசிந்தா.
நிறுத்தியதுதான் பிரசவம்.
பனிக்குடமில்லை, வலியில்லை,
குப்பைக்கூடையில் ஒரு காலி அட்டை.
உடம்பை இப்படித்தான் ஏமாற்ற வேண்டும் என்றார்.
ஏமாற்றவில்லை டாக்டர்,
சேதி சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அடுத்தது வாந்திக்குக் கொடுக்கிற மாத்திரை.
புரோலாக்டின் ஏறுவது அதன் பக்கவிளைவு.
பக்கவிளைவுதான் எனக்கு மருந்து.
மூன்று மணிக்கொரு முறை கறக்கும் கருவி,
கிளம்ப மறுக்கும் விசைப்படகு மாதிரி இருமும்.
சிப்காட் பக்கமிருந்து வாடை வந்தால்
இருதயராஜ் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.
எது எதில் போய்ச் சேரும் என்று கேட்கமாட்டார்.
சாத்துவார்.

ஒன்பதாம் நாள் ஒன்றுமில்லை.
பதினான்காம் நாளும்.
நாய் குரைத்தாலே மாடு பாலை அடக்கிக்கொள்ளும்,
எனக்குத் தெரியாதா.
ஊசி போட்டுக் கறந்தவன்மேல்
புகார் எழுதியவள் நான்.
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
பாட்டிலின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் மஞ்சக்குப்பம் பஸ்ஸில்
தத்து மையத்திலிருந்து ஒரு வீடியோ.
பதினொரு விநாடி.
வாயெல்லாம் திறந்து ஒரு குழந்தை அழுகிறது.
முதுகிலிருந்து ஊசிகள் ஓடி வந்தன.
குடையை மார்போடு அணைத்துக்கொண்டேன்,
வெளியே நல்ல வெயில்.

திருப்பாதிரிப்புலியூர் வருவதற்குள் இன்னொரு செய்தி:
மன்னிக்கவும் மேடம், அது வேறு குழந்தை.
உங்களுடையதை நாளை அனுப்புகிறோம்.

அழித்துவிட்டார்கள். நனைந்தது நனைந்ததுதான்.
சுரப்பிக்குக் கோப்பு எண் தெரியாது.
யார் பெற்ற பிள்ளையோ, எந்த ஊர்த் தொட்டிலோ,
அதன் பசிக்கு
என் உடம்பு முதலில் பதில் சொல்லிவிட்டது.
எனக்குரியவளிடம் இதை எப்படிச் சொல்ல?

அன்றிரவு பதினெட்டு மில்லி.
பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
தேதி எழுதினேன். பெயரை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை முழுநாள் மின்தடை
என்று பேப்பரில் போட்டிருந்தது.
முதுநகர் ஐஸ் கம்பெனிக்குப் பெட்டியோடு போனார் இருதயராஜ்.
எத்தனை கூடை மீனுக்கு என்று கேட்டார்களாம்.
மீனில்லை, பதினெட்டு மில்லி, என்றாராம்.