இருபத்தி நாலில் ஒன்று

செட்டிபாளையம் பக்கத்து ரேஸ் தடத்தில்
அந்தக் கார் ஒரு சுற்றுப் போக
ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
அதன் மூக்கை மட்டும் செதுக்க எனக்குத்
தைப்பூசத்திலிருந்து மாரியம்மன் நோம்பி வரை.

பகலில் நான் பல் செய்கிறவள்.
கிணத்துக்கடவில், மெடிக்கலுக்கு மேல் மாடி.
மெழுகில் கடைவாய்ப்பல், அதன் மேட்டில் பள்ளம், பள்ளத்துக்குள் வரி.
யாருடையது என்று சீட்டில் இருக்காது,
மேல் வலது ஆறு, கீழ் இடது ஏழு, அவ்வளவுதான்.
வாங்கிப் போகிறவர்கள் மென்று மறந்துவிட வேண்டும்.
அதுதான் நல்ல பல்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் குமிழங்கட்டை.
சுல்தான்பேட்டை அறுவை மில்லில் எடைக்குப் போட்ட துண்டு.
உளி கேட்ட பக்கம் போகிற மரம்.
ஒரே ஒரு இடத்தில், ஓட்டுகிறவன் தலைக்குப் பின்னால்,
இழை திரும்பி நின்று முறைக்கும்.
அங்கே உப்புத்தாள்தான், விரல் நுனியில் சுற்றி.

நிஜக் காரை ஒரு தரம் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.
பதினேழாம் நம்பர். உடம்பைக் கழற்றி
டயர் அடுக்கின் மேல் சாய்த்திருந்தார்கள்.
இரண்டு பையன்கள் முறத்தைத் தூக்குவது போல் தூக்கினார்கள்.
உள்ளே மிச்சமிருந்தது குழாய், ஒயர், ஒரு சீட்டு.
ஓடுவது அதுதான், தெரியும்.
ஆனாலும் அந்தப் பையன்கள் தூக்கிப்போனதுதான் கார் என்று பட்டது.
செல்லில் ஒன்பது படம் எடுத்தேன்.
ஒன்பதும் இடது பக்கம்.
வலது பக்கம் முழுக்க என் ஊகம்.

சென்னியப்பன் காங்கேயத்துக்குக் கொப்பரை ஏத்திப் போய்
நடுச்சாமத்தில் வருவார்.
"ஓடற வண்டிக்கே டியூ கட்டி முடியல,
ஓடாத வண்டிக்கு இன்னும் எத்தன மாசமுங் அம்மணி?"
கேட்டுவிட்டு அவரே டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பார்.
லாரிக்காரர், நிழல் பிசகினால் தெரிந்துவிடும்.
"இக்கட்டக் கன்னம் சித்த தூக்கலா இருக்குது."

இருந்தது.
இடதில் ஒரு சீவல் எடுத்தேன், வலது புடைத்தது.
வலதில் எடுத்தேன், மூக்கு நீண்டது.
மெழுகென்றால் ஒரு சொட்டு விட்டுச் சரிக்கட்டலாம்.
மரத்தில் ஒரு வழிப் பாதை.

ஆடி பிறந்தது.
கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே கிடந்தது.
தூளை ஊத வேண்டாம், கட்டையை வெளியே நீட்டினால் போதும்.
மூக்கில் பிரிந்த காற்று
என் மணிக்கட்டில் வந்து சேர்ந்தது.
அதற்கு மேல் விரலுக்கு எதுவும் தெரியவில்லை.
கண்ணுக்கும்.

என் தொழிலில் கடைசித் தீர்ப்பு நாக்குக்கு.
பல் ஒரு முடியளவு உயர்ந்திருந்தாலும்
மூன்று நாள் அங்கேயே போய்ப் படுத்துக் கிடக்கும்.
கதவைச் சாத்தினேன், தாழ் போட மறந்து.
கண்ணை மூடி இடது கன்னத்தை ஒரு தரம்,
வலது கன்னத்தை ஒரு தரம்
நக்கினேன். வேறு சொல் போட்டு என்ன ஆகப்போகிறது.
மரத்தூளும் என் கை உப்பும்,
பின் சக்கர வளைவுக்கு முன்னால், வலதில், ஒரு மேடு.
கண்ணைத் திறந்தால்
புரோட்டாப் பொட்டலத்தோடு சென்னியப்பன்.
"பசிச்சா ஒரு போன் போட்டிருக்கலாமல்ல."

மேட்டை எடுத்தேன். அதற்கு ஈடாக இடதில்.
பிறகு கூரை. பிறகு வால்.

கார்த்திகையில் வெர்னியரை வைத்துப் பார்த்தேன்.
நூற்றி எண்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது
நூற்றி எழுபத்தி மூன்று.
கணக்குப் போட்டால்
இருபத்தி ஐந்தில் ஒன்று.
கணபதி லேத்தில் கடைந்து வாங்கிய நாலு பித்தளைச் சக்கரமும்
இருபத்தி நாலுக்கு.
கடுகு டப்பாவில் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை. தென்னந்தோப்புக்கு அக்கட்ட
எஞ்சின்கள் கத்தி, தேய்ந்து, மறுபடி கத்தின.
ஜன்னல் விளிம்பில் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது,
அதே கார்தான்,
நான் அன்று நின்ற இடத்திலிருந்து
ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால் எப்படியோ
அப்படி.

ராத்திரி சென்னியப்பன் வந்தார்.
சாய்த்துப் பிடித்தார். குனிந்தார்.
"இந்த வால்கிட்ட..."

டார்ச்சை அணைச்சிருங்க என்றேன்.