இரண்டு பாத்தி

இடது பாத்திக்கு நீலக் குருணை,
தோட்டத்துச் சாக்கின் அடியில் மிஞ்சியது.
வலதுக்கு
மாரிக்கண்ணு கொட்டகையில் வாரிய ஆட்டுப் புழுக்கை,
மூன்று மாதம் மக்கி நாற்றம் அடங்கியது.

இருபத்திரண்டு வருடம்
பெரட்டு முடிந்ததும் இடுப்பில் வாளி கட்டி
செம்பனைக்கு உரம் வீசியவள் நான்.
எந்தக் கை வீசியதென்று
நகம் இன்னும் சொல்லும்.

இடது முந்திக்கொண்டது.
இலை கறுத்துக் கொழுத்துக் கம்பையே சாய்த்தது,
பூக்கத்தான் மறந்திருந்தது.
பிறகு காய்த்தது, பெருத்தது.
நவம்பர் மழை நாலு நாள்:
தோள்பட்டையில் வெடித்துப் பிளந்தது.

வலது மெலிசு. பழம் எலுமிச்சை அளவு.
இரண்டில் புழு.

பத்தாங் பெர்ஜுந்தை இரவுச் சந்தையில்
ஆ சூன்
வெடிக்காததை எல்லாம் ஒரே கூடையில் கொட்டினான்,
கேமரன் பழத்துக்குக் கீழே.
கிலோ மூன்று வெள்ளி.

"எதுக்கா நல்லது?" என்கிறாள் எதிர்வீட்டு ரேணுகா.
நீலத்தைப் பழிக்க நா எழவில்லை.
அந்தக் கூலியில் தைத்த
மகளின் இடைநிலைப்பள்ளிச் சீருடையும்
நீலம்தான்.

இன்றைய ரசத்துக்கு
வெடித்ததில் ஆறு பிசைந்தேன்.
புளி
கொஞ்சம் கூடவே கேட்டது.